சரித்திரத் துப்பறியும் நாவலில் இளம் நாயகி: தேதி குறிப்பதிலிருந்து கடைசித் திருத்தம் வரை முழுமையான வழிகாட்டி

பழைய காலத்தில் ஒரு கொலை, அதைத் துலக்க ஓர் இளம்பெண். வாசகர்கள் ஆசையோடு கையில் எடுக்கும் வகை இது. எழுத உட்காருபவர்களில் பலர் செய்யும் தவறு, இன்றைய கதை ஒன்றை எடுத்து அதில் குதிரைவண்டியையும் எரிவாயு விளக்கையும் சேர்த்துவிடுவதுதான். அப்படி எழுதிய நாவலில் வண்டியைக் காராக்கினாலும் கதை மாறாது. அந்தக் கொலை அந்த ஆண்டில் மட்டுமே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கான துப்பும் அந்தப் பெண்ணின் நிலையில் இருப்பவளுக்கு மட்டுமே எட்டுவதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் கூடிவந்தால்தான் சரித்திரம் வெறும் பின்திரையாக நின்றுவிடாமல் கதையை நடத்தும்.

கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: லண்டன், 1884 அக்டோபர், பத்தொன்பது வயது நாயகி. நீங்கள் வேறு நாட்டையோ வேறு நூற்றாண்டையோ எடுத்தாலும் முறை இதேதான்.

படி 1: ஆண்டு போதாது, தேதி வேண்டும்

"விக்டோரியா காலம்" என்று முடிவு செய்தால் எதுவும் முடிவாகவில்லை என்று பொருள். அது 1837 முதல் 1901 வரை நீள்கிறது. அதன் தொடக்கத்தில் வாழ்ந்தவருக்குத் தொலைபேசி தெரியாது, முடிவில் வாழ்ந்தவருக்குத் தெரியும். ஆண்டு, மாதம், நாள், கிழமை நான்கையும் குறியுங்கள்.

1884 அக்டோபர் 4, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். உடனே பல கதவுகள் திறக்கும். லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் சி.ஐ.டி. பிரிவு 1878-இலேயே வந்துவிட்டது, ஆகவே துப்பறியும் அதிகாரி ஒருவரைத் தாராளமாகக் கொண்டுவரலாம். மணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1883 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு மனைவிக்கு வந்துசேரும் சொத்து அவளுக்கே சொந்தம், கணவனுக்கு அல்ல. நிலத்தடி ரயில் 1863-இலிருந்தே ஓடுகிறது. ஆனால் நகரைச் சுற்றிவரும் உள்வட்டப் பாதை முழுமையாகத் திறந்தது அக்டோபர் 6-ஆம் தேதி. உங்கள் பாத்திரம் 4-ஆம் தேதி அந்த வட்டத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவந்தால் நாவல் அங்கேயே விழுந்துவிடும். இரண்டே நாள்தான் வித்தியாசம், ஆனால் தவறு தவறுதான்.

பிறகு வானத்தைப் பாருங்கள். லண்டனில் அன்று சூரியன் மறைவது மாலை ஐந்தரையை ஒட்டி. அன்று முழுநிலவு, கூடவே முழு சந்திர கிரகணம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்து வானில் ஏற்றிய தூசியால் அந்தக் கிரகணம் அசாதாரணமாக இருண்டிருந்தது. வழக்கமாகத் தெரியும் செம்பு நிறம்கூட இல்லாமல் நிலவு கிட்டத்தட்ட காணாமலே போனது. நேரம் இரவு பத்து மணியை ஒட்டி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படி 5-இல் இதுதான் கொலைகாரனின் கழுத்தைப் பிடிக்கப்போகிறது.

எந்தத் தேதிக்கும் பார்க்க வேண்டியவை: கிழமை, சூரிய மறைவு, நிலவின் நிலை, அந்த வாரத்துச் செய்தித்தாள்கள், ரயில் கால அட்டவணை, தபால் நேரம், தெருவரைபடம். லண்டனைப் பொறுத்தவரை 1674 முதல் 1913 வரையிலான ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குகளின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண மனிதர்கள் சாட்சிக்கூண்டில் எப்படிப் பேசினார்கள், எந்த வீட்டில் எத்தனை பேர் தூங்கினார்கள், சாவி யாரிடம் இருந்தது என்பதையெல்லாம் வேறெந்த வரலாற்று நூலும் இந்த அளவு நெருக்கமாகக் காட்டாது. நாவல் தொடங்குமுன் உங்கள் ஆண்டை ஒட்டிய இருபது வழக்குகளையாவது படியுங்கள்.

படி 2: கொலையைக் கொலைகாரன் பக்கமிருந்து எழுதுங்கள்

நாவலில் ஒருபோதும் அச்சேறாத ஒரு அத்தியாயம் உண்டு. கொலைகாரன் என்ன செய்தான் என்பதை மணிவாரியாகச் சொல்லும் 1,500 வார்த்தைக் குறிப்பு அது. இதை எழுதாமல் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினால் பாதி வழியில் முடிச்சு இறுகி நின்றுவிடும்.

உதாரணத்தில் வசதியான கிழவர் ஒருவர் சில நாள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து இறக்கிறார். ஆர்சனிக் விஷத்தின் அறிகுறிகள் வயிற்று நோயைப் போலவே இருக்கும் என்பதால் மருத்துவர் சந்தேகமின்றிச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார். கொன்றவன் மருமகன். இனி சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள். 1851-ஆம் ஆண்டு ஆர்சனிக் சட்டப்படி கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் பதிவேட்டில் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து பெற வேண்டும். அறிமுகமில்லாதவருக்கு விற்றால் சாட்சி வேண்டும். வயது நிரம்பாதவர்களுக்கு விற்கவே கூடாது, அன்றைக்கு அந்த வயது 21. சிறு அளவில் விற்கும்போது ஒரு பவுண்டு ஆர்சனிக்குக்கு ஒரு அவுன்ஸ் புகைக்கரியோ அரை அவுன்ஸ் அவுரி நீலமோ கலந்து நிறமேற்ற வேண்டும். அந்தத் தூளைப் பாலில் போட்டால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஒரு சட்டத்திலிருந்தே கதையின் நடுப்பகுதி முளைக்கிறது. காவல்துறை மருந்துக்கடைப் பதிவேடுகளைப் புரட்டுகிறது, ஒன்றும் கிடைக்கவில்லை. கிழவர் குடித்த பால் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. அப்படியானால் விஷம் மருந்துக்கடைத் தூளிலிருந்து வரவில்லை. அந்தக் காலத்தில் ஈக்களைக் கொல்ல ஆர்சனிக் ஏற்றிய தாள்கள் சாதாரணமாகக் கிடைத்தன. தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் தாளைப் போட்டு வைப்பார்கள். 1884-இன் தொடக்கத்தில்தான் லிவர்பூலில் இரண்டு சகோதரிகள் இந்தத் தாள்களிலிருந்து விஷம் எடுத்துக் கொன்றதாகத் தீர்ப்பாகி, மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார்கள். கொலைகாரனும் நாயகியும் அதே செய்தியைப் படித்தவர்கள். அவன் அதிலிருந்து வழியைக் கற்றான், அவள் அதிலிருந்து சந்தேகத்தைக் கற்றாள்.

கொலையின் நோக்கமும் தேதியிலிருந்தே வரட்டும். மாமனார் இறந்தால் சொத்து மனைவிக்கு வரும், மனைவியின் சொத்து தனக்கு என்று நினைக்கிறான் மருமகன். அவனுக்குப் பழைய சட்டம்தான் தெரியும். நாயகிக்குப் புதிய சட்டம் தெரியும், ஆகவே "இவனுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்காதே" என்று அவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறாள். நாவலின் நடுவே அவள் எடுக்கும் தவறான முடிவு இதுதான். அவள் புத்திசாலி என்பதாலேயே இந்தத் தவறைச் செய்கிறாள். நாயகி ஏமாந்தால் இப்படி ஏமாற வேண்டும், அசட்டுத்தனத்தால் அல்ல. உண்மை தெரிந்ததும் அவனுடைய அடுத்த இலக்கு மனைவி என்பதும் தெளிவாகிறது, கதை வேகம் எடுக்கிறது.

படி 3: நாயகிக்கு முதலில் ஒரு வேலை கொடுங்கள்

"துணிச்சல்காரி, புத்தகப் பிரியை, எதற்கும் அஞ்சாதவள்" என்பதெல்லாம் பாத்திரம் ஆகாது. அவள் காலையில் எழுந்து எங்கே போகிறாள், யார் அனுமதித்தால் போக முடியும், மாலையில் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், கையில் எவ்வளவு காசு புழங்கும் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

நல்ல வேலை என்பது அந்நிய வீடுகளுக்குள்ளோ அந்நியர்களின் ரகசியங்களுக்குள்ளோ அவளைக் கொண்டுபோவது. தையல்காரி, ஆசிரியை, செவிலி, பணிப்பெண் எல்லாமே பொருந்தும். 1874-இல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டதால் மருத்துவ மாணவியும் பொருந்துவாள். நம் உதாரணத்தில் அவள் தந்தி அலுவலகப் பணியாளர். 1870-இல் தபால்துறை தந்தியைத் தன்வசம் எடுத்தபோதே அதில் பெண்கள் பணியாற்றினார்கள். அவளுக்கு இரண்டு திறமைகளை அந்த வேலை தருகிறது. ஒன்று, மோர்ஸ் தட்டும் தாளத்திலிருந்து மறுமுனையில் இருப்பது யார் என்று அடையாளம் காணும் காது. இரண்டாவது, வார்த்தைகளை எண்ணும் பழக்கம். 1884-இல் இருபது வார்த்தைகளுக்கு ஒரு ஷில்லிங், அதற்குமேல் ஒவ்வொரு ஐந்துக்கும் மூன்று பென்ஸ். சில்லறைக்குக் கணக்குப் பார்க்கும் மனிதன் முப்பத்துநான்கு வார்த்தையில் வழக்கறிஞருக்குத் தந்தி அடித்தால், அவன் பதறியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றும். வேறு யாருக்கும் தோன்றாது.

அதே வேலை அவள் வாயையும் கட்டிப்போட வேண்டும். 1868-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி பணியாளர் தந்தியின் செய்தியை வெளியிடுவது குற்றம். ஆக, அவளுக்கு உண்மை தெரியும், சொல்ல முடியாது. அதே உண்மையை வேறு நேர்மையான வழியில் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டும். கதைக்கு இதைவிடச் சிறந்த இயந்திரம் அமையாது.

காலத்தின் தடைகளை நாயகி ஒரே வீச்சில் உடைத்தெறியக் கூடாது. 1884-இல் பெண் காவலர் கிடையாது, ஜூரியில் பெண்கள் அமர முடியாது. அமெரிக்காவில் பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனம் 1856-இலேயே கேட் வார்ன் என்ற பெண்ணைத் துப்பறிவாளராக அமர்த்தியது உண்மைதான், ஆனால் லண்டன் காவல்துறையில் அப்படி ஒரு இடம் இல்லை. ஆகவே அவள் ஓரங்கள் வழியாக நுழைய வேண்டும். இறப்பு விசாரணைகள் பெரும்பாலும் மதுக்கடை மாடியறைகளில் நடந்தன, குறைந்தது பன்னிரண்டு ஆண்கள் ஜூரியாக உட்கார்ந்து உடலை நேரில் பார்ப்பார்கள். அங்கே ஒரு பெண் சாட்சியாகவோ பார்வையாளராகவோ உட்காரலாம். அந்த அறையில் ஒரு மூலையை அவளுக்குக் கொடுங்கள்.

படி 4: அறிவியலுக்கு எல்லைக்கோடு

உங்கள் ஆண்டுக்கு முன் வந்தவை, பின் வந்தவை என்று ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இந்த வகை நாவலுக்கு அடிக்கடி தேவைப்படுபவை இவை:

- ஆர்சனிக்கைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836, ரைன்ஷ் சோதனை 1841
- குற்றவாளிகளை உடல் அளவுகளால் அடையாளம் காணும் பெர்டியோனின் முறை, பாரிஸ், 1880-கள்
- கைரேகையால் குற்றவாளியைக் காணலாம் என்று ஹென்றி ஃபால்ட்ஸ் 'நேச்சர்' இதழில் எழுதியது 1880. கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு 1897. ஸ்காட்லாந்து யார்டில் 1901. பிரிட்டனில் கைரேகையால் நிரூபணமான முதல் கொலை வழக்கு 1905
- ரத்தக்கறை மனிதனுடையதா விலங்கினுடையதா என்று சொல்லும் சோதனை 1901
- லியோனில் லோகார்டின் தடயவியல் ஆய்வகம் 1910

1884-இல் நம் நாயகி ஃபால்ட்ஸின் கடிதத்தைப் படித்திருக்கலாம். கண்ணாடிக் கோப்பையில் இருக்கும் கைரேகையைப் பார்த்து மனதுக்குள் உறுதி கொள்ளலாம். நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. "தெரியும், ஆனால் செல்லாது" என்ற இந்த இடைவெளியை நன்றாகப் பயன்படுத்துங்கள்.

சோதனைகள் பிழைத்த வரலாறும் உங்களுக்குத் தேவை. மார்ஷ் சோதனையில் துத்தநாகமும் அமிலமும் பயன்படும், ரைன்ஷ் சோதனையில் செம்பு பயன்படும். அந்தப் பொருள்களிலேயே ஆர்சனிக் கலந்திருந்தால் விஷமே இல்லாத உணவும் விஷமாகத் தெரியும். 1859-இல் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் வழக்கில் இதுதான் நடந்தது. நாடறிந்த நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெயின் டெய்லர், தான் பயன்படுத்திய செம்பிலேயே ஆர்சனிக் இருந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் இந்தப் பழைய வழக்கை எடுத்துக் கொடுத்தால் உங்கள் நாயகியின் வெற்றி ஓர் அத்தியாயம் தள்ளிப்போகும். நல்லதுதான்.

படி 5: துப்புகளை விதைப்பது

துப்பு வாசகர் கண்ணில் பட வேண்டும், மனதில் நிற்கக் கூடாது. நான்கு பொருள்கள் கொண்ட பட்டியலில் மூன்றாவதாக வைத்து, உடனே ஓர் உணர்ச்சியால் மூடுவது நம்பகமான முறை:

"வேலைக்காரப் பெண் அறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். பாதி தீர்ந்த மருந்துப் புட்டி, ஆறிப்போன கஞ்சி, ஜன்னலோரம் விறைத்துக் காய்ந்த ஈத்தாள்கள், கிழவரின் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியை எடுத்தவளுக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்."

வாசகர் அழுகையோடு போய்விடுவார். குளிர் தொடங்கிவிட்ட அக்டோபரில் ஈயே இல்லையே, தாள் எதற்கு என்ற கேள்வி நூறு பக்கம் கழித்து எழும்.

அடுத்து கிரகணம். "அன்றிரவு பத்து மணிக்குத் தோட்டத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தேன், வேலைக்காரி கிண்ணத்தோடு போவதை நிலா வெளிச்சத்தில் தெளிவாகப் பார்த்தேன்" என்கிறான் மருமகன். நாட்காட்டியும் முழுநிலவு என்கிறது. உண்மையில் அந்த நேரத்தில் வெளியே நின்றவர்கள் யாரும் எதையும் தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. அவனுக்கு அது தெரியாததற்குக் காரணம், அவன் திரைபோட்ட நோயாளி அறைக்குள் இருந்தான். ஒரே பொய் வேலைக்காரியை விடுவிக்கிறது, அவனை அறைக்குள் நிறுத்துகிறது. இதை நியாயமாகச் செய்ய, மூன்றாம் அத்தியாயத்திலேயே தெருப்பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கூச்சலிடுவதை நாயகி காதில் விழவையுங்கள். கிரகணம் என்ற செய்தி முடிவில் முதன்முறையாக வந்தால் வாசகர் உங்களை மன்னிக்கமாட்டார்.

முக்கியமான ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று துப்புகள் வையுங்கள்: ஒன்று பொருள், ஒன்று பேச்சு, ஒன்று நடத்தை. சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர் போதும். எட்டுப் பேரானால் வாசகர் பெயர்களை மறப்பார். கொலைகாரன் முதல் கால்பகுதிக்குள் பேசியிருக்க வேண்டும்.

படி 6: தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல்கள்

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "இருட்டில் ஒருவன் நடந்தான்" என்றால் வீட்டிலுள்ள பெண்கள் எல்லோரும் சந்தேகத்திலிருந்து தப்பிவிட்டார்கள். "யாரோ நடந்தார்" என்று எழுதலாம், ஆனால் தொடர்ந்தால் செயற்கையாகத் தட்டும். கொலைகாரர் முகம் தெரியாத காட்சிகளில் உறுப்பையோ பொருளையோ எழுவாயாக்குங்கள்: "கையுறை அணிந்த விரல்கள் தாழ்ப்பாளை நீக்கின. விளக்கு ஒருமுறை நடுங்கி அணைந்தது. படிக்கட்டில் காலடி ஓசை இறங்கிப்போனது." பால் தெரியவில்லை, வாக்கியமும் இயல்பாக இருக்கிறது. இப்படிப்பட்ட காட்சி அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

மரியாதை விகுதியும் அதே ஆபத்துதான். கதைசொல்லி நல்லவர்களை "அவர்" என்றும் கொலைகாரனை முதல் பக்கத்திலிருந்தே "அவன்" என்றும் குறிப்பிட்டால் விடை அங்கேயே கிடைத்துவிடும். இந்த வழிகாட்டியில் மருமகனை "அவன்" என்கிறோம், நாவலில் அப்படிச் செய்யாதீர்கள். சமூகநிலையையும் வயதையும் வைத்து ஒரு விதி வகுத்து, கொலைகாரர் யார் என்ற வெளிப்பாடு வரை பிசகாமல் பின்பற்றுங்கள். நாயகியிடம் எப்போதும் "நீங்கள்" என்று பேசியவர் மூச்சடைத்த ஒரு கணத்தில் "நீ" என்று தாவினால், அது தனியாகவே ஒரு துப்பு.

உரையாடலில் "டென்ஷன்", "ஓகே" வேண்டாம். அதற்காக ராஜா ராணி நாடக வசனமும் வேண்டாம். நிறுத்தி நிதானமான எளிய நடை, மரியாதைச் சொற்களில் கவனம், இது போதும்.

படி 7: அளவும் அடுக்கும்

தமிழில் 60,000 வார்த்தை இந்த வகைக்குப் போதும். 36 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் சுமார் 1,700. மரணம் 3-ஆம் அத்தியாயத்துக்குள். அது கொலை என்ற உறுதி 9-இல். தவறான முடிவு 18-இல். அது உடைவது 25-இல். வெளிப்பாடு 33-இல். கடைசி மூன்றும் சட்டத்துக்கும் மனிதர்களுக்கும். ஆராய்ச்சி விவரம் ஒரு பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் போனால் வெட்டுங்கள். யாராவது ஒரு பாத்திரம் அந்த விவரத்தால் ஏதாவது செய்தால் மட்டுமே அது தங்கலாம்.

படி 8: நாயகிக்குத் தெரிந்தது வேறு, நிரூபணம் வேறு

எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து நாயகி விளக்க, கொலைகாரன் உடைந்து ஒப்புக்கொள்ளும் முடிவு சோம்பேறித்தனம். 1884-இன் சட்டத்தைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் தானே சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது, அந்த உரிமை பொதுவாக வந்தது 1898-இல். கணவன் மீதான இந்தக் கொலை வழக்கில் மனைவியை அவனுக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் ஏற்றவும் முடியாது. தாள்கள் ஊறியதைப் பார்த்தவள் மனைவி என்றால் அந்த உண்மை நீதிமன்றத்துக்குள் நுழையவே முடியாது. நாயகி தந்தியைப் பற்றிப் பேச முடியாது, மனைவி தட்டைப் பற்றிப் பேச முடியாது. எஞ்சுவது வேலைக்காரி, காய்ந்த தாள்கள், இருண்ட நிலவு. இம்மூன்றைக் கொண்டு ஜூரியை அசைக்க முடியுமா என்பதே கடைசிப் பகுதியின் பதற்றம். பேசத் தடையுள்ள இரு பெண்கள் சமையலறையில் சந்தித்துப் பேசும் காட்சியை நீளமாக எழுதுங்கள். நாவலின் இதயம் அங்கே இருக்கும்.

படி 9: திருத்தம், நான்கு சுற்று

ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் திருத்த முயலாதீர்கள். முதல் சுற்றில் கடிகாரம் மட்டும்: ஒவ்வொரு காட்சியின் நேரத்தையும் ஓரத்தில் எழுதி, பயண நேரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டாவது சுற்றில் துப்புகள்: ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் விதைக்கப்பட்டது, எந்தப் பக்கத்தில் அறுவடையானது. முப்பது பக்கத்துக்குக் குறைவான இடைவெளி என்றால் விதையை முன்னே தள்ளுங்கள். மூன்றாவதில் பொருள்கள்: தீக்குச்சி, பேனா, பூட்டு, விளக்கு, உடை எல்லாம் அந்த ஆண்டில் இருந்தனவா. நான்காவதில் "அவன், அவள், அவர்" மூன்றையும் கணினிக் கோப்பின் தேடல் வசதியில் ஒவ்வொன்றாகத் தட்டி, கொலைகாரனைக் குறிக்கும் இடங்களில் விகுதி எங்காவது வழுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வெளிப்பாட்டுக்கு முந்தைய 32 அத்தியாயங்களை விடை தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு பத்து அத்தியாயத்துக்கும் யார்மேல் சந்தேகம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இருவரும் 10-ஆம் அத்தியாயத்திலேயே மருமகனை எழுதினால் நாயகி அவனைப் பட்டியலிலிருந்து நீக்கும் காட்சி வலுவாக இல்லை. 30-இலும் யாரும் எழுதவில்லையென்றால் ஈத்தாள்கள் மிக ஆழத்தில் புதைந்துவிட்டன, இன்னொரு முறை ஜன்னலோரம் கொண்டுவாருங்கள்.